திரும்பத் திரும்ப வரும் எழுத்து – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மாவும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். நான் சுங்கை சிப்புட்காரி. செம்பனைத் தோட்டத்தில் 28 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் மகள் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்கிறாள். மனிதரையும் விலங்கையும் பிடிக்கும் புழுக்களின் குரோமோசோம்கள்தான் அவள் பாடம். அதிலும், ஒரே எழுத்து வரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏவைத்தான் பார்க்கிறாளாம். "அது குப்பை டிஎன்ஏ, அதைப் போய் எண்ணுகிறாயே" என்று அவள் தம்பி சொல்லிவிட்டான். பிள்ளை இரண்டு நாள் போனே எடுக்கவில்லை. கல்விக் கடன் வேறு இருக்கிறது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்வீர்களா?

ஒரு தாய், சுங்கை சிப்புட்

அன்புள்ள அக்கா,

முதலில் உங்கள் மகனைத் தன் அக்காவுக்குப் போன் போடச் சொல்லுங்கள். 'குப்பை' என்பது அவன் கண்டுபிடித்த சொல் இல்லை. 1972இல் சுசுமு ஓனோ என்ற மரபியல் அறிஞர் எழுதிய கட்டுரையால் பரவியது. டிஎன்ஏ என்பது செல்லுக்குள் இருக்கும் நீண்ட இழை. நான்கு வகை வேதிப்பொருள்கள்தான் அதன் எழுத்துகள். அந்த இழை சுருண்ட கட்டு குரோமோசோம், அதில் வேலைக் குறிப்பு உள்ள ஒரு பகுதி மரபணு. உடம்பைக் கட்டும் புரதம் செய்யக் குறிப்பு தராத டிஎன்ஏவுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும் எல்லா வரிசைக்கும் புழுவின் உடம்பில் வேலை இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புழுவுக்கு வேலை செய்யாத ஒன்று நமக்கு வேலை செய்யலாம் இல்லையா? உங்கள் மகளின் படிப்பு அந்த இடத்தில்தான் நிற்கிறது.

நம் பாட்டிமார் வெறுங்காலோடு ரப்பர் மர நிரைக்குப் போய்ப் பால் வெட்டியவர்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் இருந்து காலின் தோலைத் துளைத்து ஏறும். குடலில் போய்க் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். முகம் வெளுத்து, நடந்தால் மூச்சு வாங்கி, கடைசியில் சோம்பேறி என்று பெயரெடுத்தவர்கள் எத்தனை பேர்! 1915லிருந்து இரண்டு வருஷம் சாமுவேல் டார்லிங் தலைமையில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளைக் குழு மலாயாவில் இதைத்தான் ஆராய்ந்தது. அன்று முதல் நம்பி வந்த வழி, மலத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் முட்டை தேடுவது. அதில் ஒரு சங்கடம் உண்டு. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கேட்டோ-காட்ஸ் முறையில் ஸ்லைடு செய்தால், கொக்கிப்புழு முட்டை ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆய்வுக்கூடம் தூரமாக இருந்தால் நோய் இருந்தும் இல்லை என்றாகிவிடும். முட்டை கொஞ்சமாக இருந்தாலும் அதே கதைதான்.

டிஎன்ஏவைத் தேடும்போது இந்த நிலைமை மாறுகிறது. ஆனால் எதைத் தேடுவது? ஒரு செல்லில் ஓரிரு முறை மட்டும் இருக்கும் மரபணுவைத் தேடினால், அது கையில் சிக்குவது அதிர்ஷ்டம். அதே செல்லில் ஆயிரக்கணக்கில் இருக்கும் வரிசையைத் தேடினால் ஒரு முட்டையின் துணுக்கு கூடக் காட்டிக்கொடுத்துவிடும். ஈப்போவுக்கு ரயிலில் போகும்போது வெளியே பாருங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் ஒற்றை வீடு கண்ணில் படாது. செம்பனை நிரை மட்டும் படாமல் போகாது. 2016இல் வெளிவந்த ஆய்வில் கொக்கிப்புழு போன்ற மண்வழிப் புழுக்களைக் கண்டுபிடிக்க, நிரை போலத் திரும்பத் திரும்ப வரும் இந்த வரிசைகளையே குறிவைத்தார்கள். முன்பிருந்த சோதனைகளைவிட மிகக் குறைந்த அளவு டிஎன்ஏவையும் அது பிடித்தது.

யானைக்கால் புழுவில் இந்த வேலை இன்னும் முன்பே நடந்துவிட்டது. நம் நாட்டின் பெயரையே சுமக்கும் புருகியா மலாயியில், 322 எழுத்து கொண்ட ஒரு வரிசை ஏறக்குறைய 30,000 முறை வருகிறது. பூனையிலும் நாயிலும் வாழும் அதன் பங்காளிக்கு, பகாங் மாநிலத்தின் பெயரால், புருகியா பகாங்கி என்று பெயர். கொசுவுக்குள் வளரும் குஞ்சைப் பார்த்து இது எந்தப் புழு என்று சொல்வது மிகவும் கஷ்டம். மனிதனுக்கு வரும் புழுவா, பூனையோடு போகும் புழுவா என்று தெரியாவிட்டால் எந்தக் கம்பத்து மக்களுக்கு மருந்து கொடுப்பது? 1986இல் இரண்டு புழுக்களின் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றுபோல இருந்தாலும் சில எழுத்துகள் மாறியிருந்தன. அந்த மாற்றத்தை வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்லும் சோதனைகள் வந்தன. இளம்புழு இரவில்தான் ரத்தத்தில் அதிகம் உலவும் என்பதால், இரவில் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்தவர்களின் உழைப்பை நினைத்துப் பார்த்தால், கொசுவை வைத்தே சொல்லிவிடும் சோதனை எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

பயனைக் கேட்டீர்கள், சொன்னேன். இனி எனக்குப் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

குரோமோசோம் பற்றி ஆரம்பத்தில் தெரிய வந்த முக்கியமான சில விஷயங்கள் ஒரு புழுவால் வந்தவை. குதிரையின் குடலில் வாழும் உருண்டைப்புழு அது. மனிதனுக்கு 46 குரோமோசோம். அந்தப் புழுவில் ஒரு வகைக்கு ஒரே ஒரு ஜோடிதான். எண்ணுவது அவ்வளவு சுலபம். முட்டையும் விந்தும் சம பங்காகக் குரோமோசோம் தருகின்றன என்பதை 1883இல் பெல்ஜியத்தின் வான் பெனடன் இந்தப் புழுவில்தான் பார்த்தார். நான்கு வருஷம் கழித்து ஜெர்மனியின் தியோடர் போவெரி அதே புழுவின் முட்டையில் இன்னொன்றைப் பார்த்தார். கரு வளரும்போது, உடம்பாகப் போகும் செல்களில் குரோமோசோமின் ஓரங்கள் கழன்று அழிந்துவிடுகின்றன. அடுத்த தலைமுறைக்கு முட்டையும் விந்தும் தரப்போகும் செல்லில் மட்டும் குரோமோசோம் முழுசாக இருக்கிறது! எறியப்படுவது மொத்த டிஎன்ஏவில் 80 விழுக்காட்டுக்கும் மேல். பெரும்பாலும் ஐந்து எழுத்து, பத்து எழுத்து வரிசைகள் திரும்பத் திரும்ப வருபவை. பன்றியின் உருண்டைப்புழுவும் 121 எழுத்து வரிசையை இப்படி எறிகிறது. ஆனால் அதோடு ஏறக்குறைய 700 மரபணுக்களும் போகின்றன என்று 2012இல் தெரிந்தது. அவற்றில் பல, முட்டையும் விந்தும் உருவாகும்போது வேலை செய்பவை. உடம்பில் எறிகிறது, வாரிசுக்கு மட்டும் பத்திரப்படுத்துகிறது. இதைக் குப்பை என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை அக்கா.

அப்புறம், இந்த வரிசைகளைப் படிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். செம்பனைத் தோட்டத்தைச் சின்னச் சின்னதாகப் படம் எடுத்து, பிறகு ஒட்டிச் சேர்க்கச் சொன்னால் என்ன ஆகும்? கோயிலும் லயத்து வீடுகளும் உள்ள படங்கள் சேர்ந்துவிடும். வெறும் மரம் உள்ள படம் எந்த நிரை என்று யாருக்குத் தெரியும்? பல வருஷம் டிஎன்ஏவை அப்படித்தான் துண்டு துண்டாகப் படித்தார்கள். அதனால் இந்தப் பகுதிகள் வரைபடத்தில் ஓட்டையாகவே கிடந்தன. இப்போது நீளமாகப் படிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. அப்படிப் படித்ததைக் குரோமோசோமில் நேரில் சரிபார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

தீபாவளிக்கு மகள் வரும்போது லேப்டாப்பில் அந்தப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். இருட்டில் மின்னும் புள்ளிகள் இருந்தால், இது எந்தப் புழு, எத்தனை எழுத்து, எந்த ஓரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.