ரோட்டரி கட்டரா, கத்தரியா? பேச்வொர்க் செய்பவர்களுக்கான கேள்வி பதில்

அக்கா, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் பேச்வொர்க் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். கையில் நல்ல தையல் கத்தரி இருக்கிறது. உருளும் வட்ட பிளேடுள்ள ரோட்டரி கட்டர் வாங்கியே ஆகணுமா?

வாங்கியே ஆகணும் என்று இல்லைம்மா. ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது 1979-இல்தான். அதுவரை குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்தவர்கள் எல்லாம் அட்டை வைத்து வரைந்து, கத்தரியால்தான் வெட்டினார்கள். குஷன் உறை, சின்னப் பை என்றால் இன்றைக்கும் கத்தரி போதும்.

கட்டில் அளவுக்குப் போகும்போதுதான் சிக்கல். கத்தரியின் கீழ் அலகு துணிக்கு அடியில் நுழைந்து அதைக் கொஞ்சம் தூக்கும். தூக்கிய இடத்தில் கோடு நகர்ந்துவிடும். ஒரு துண்டில் 1/16 இன்ச் கூடினால் கண்ணுக்கே தெரியாது. அப்படி எட்டுத் துண்டைச் சேர்த்த வரிசை அரை இன்ச் நீண்டு நிற்கும். பக்கத்து வரிசையோடு மூலைகள் சேராது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் புடைத்துக்கொள்ளும். கட்டர் மேலேயிருந்து அழுத்தி வெட்டுவதால் துணி அடியில் விரித்த மேட்டை (வெட்டுவதற்கான விரிப்பு) விட்டு எழும்பாது. அதனால்தான் அதை வாங்கச் சொல்கிறேன். வேகம் அடுத்த விஷயம்.

பிளேடின் விட்டம் 28, 45, 60 மில்லிமீட்டர் என்று பல அளவு இருக்கிறதே, எது நல்லது?

ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் 45. வளைவான துண்டுகள் நிறைய வெட்டுபவருக்கு 28 தேவைப்படும், சின்ன வட்டம் என்பதால் வளைவில் சுலபமாகத் திரும்பும். நான்கைந்து மடிப்பு சேர்த்தோ, உள்ளே வைக்கும் பேட்டிங்கையோ வெட்டுபவருக்கு 60. பாலியஸ்டர் பேட்டிங் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும், அதற்கென்று பழைய பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டர், மேட், ஸ்கேல் மூன்றுக்கும் சேர்த்து நிறைய ஆகிறது. எதில் சிக்கனம் பார்க்கலாம்?

கட்டரின் கைப்பிடியில். வளைந்த பிடி, பொத்தான் எல்லாம் சௌகரியம்தான், ஆனால் வெட்டுவது பிளேடு. சாதாரணக் கைப்பிடியில் நல்ல பிளேடு போட்டால் வேலை நடக்கும்.

ஸ்கேலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய இரும்பு ஸ்கேலும் பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலும் இதற்கு ஆகவே ஆகாது. பிளேடு விளிம்பின் மேல் ஏறி விரலுக்கு வந்துவிடும். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் ஸ்கேல்தான் வேண்டும். முதல் ஸ்கேல் 6-க்கு 24 இன்ச் இருக்கட்டும். குவில்ட் காட்டன் அகலம் 42 முதல் 44 இன்ச் வரை வரும். கரையோடு கரை சேர்த்து மடித்தால் 22-க்குள் அடங்கும். 24 இன்ச் ஸ்கேலில் நடுவே நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டிவிடலாம். மேட் 18-க்கு 24 இருந்தால் தொடங்கலாம், இடம் இருந்தால் 24-க்கு 36 நல்லது.

இன்னொன்று: மேட்டில் அச்சிட்ட கோட்டை வைத்து அளக்காதீர்கள். துணியை நேராக வைக்க அது உதவும். அளவு எப்போதும் ஸ்கேலில்தான், அதுவும் ஒரு குவில்ட் முழுக்க ஒரே ஸ்கேலில்.

நீளப் பட்டை வெட்டி விரித்தால் நடுவில் 'வி' மாதிரி வளைகிறது. கட்டரில் கோளாறா?

கட்டர் பாவம், அதன்மேல் தப்பில்லை. மடிப்புக்குச் செங்குத்தாக ஸ்கேல் இல்லாவிட்டால் இப்படித்தான் வரும். கரை இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். கீழே மடிப்பு முறுக்கிக்கொண்டு தொங்கினால், சுருக்கமில்லாமல் நேராக விழும் வரை ஒரு கரையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்துங்கள். முனைகள் முன்னே பின்னே நின்றால் நிற்கட்டும். பிறகு மேட்டில் வைத்து, ஸ்கேலின் குறுக்குக் கோடு ஒன்றை மடிப்பின்மேல் சரியாகப் பொருத்தி, ஓரத்தைச் சீவிவிட்டுப் பட்டைகளை வெட்டுங்கள். மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை மடிப்பைப் பார்த்து, மறுபடி ஓரம் சீவுங்கள். அதற்கும் முன்னால் துணியை இஸ்திரி போட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

புது பிளேடுதான். ஆனால் சில இடத்தில் வெட்டாமல் நூல் விட்டுவிட்டுப் போகிறது. ஏன்?

வெட்டாத இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 45 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். சரியாக 14-க்கு ஒருமுறை விட்டுப்போனால் பிளேடின் விளிம்பில் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். குண்டூசிமேல் ஏறியிருக்கும், அல்லது கீழே விழுந்திருக்கும். மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தாறுமாறாக விட்டுப்போனால் கழற்றிப் பாருங்கள். உள்ளே பஞ்சுத்தூசி அப்பியிருக்கும். துடைத்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கழற்றும்போது பாகங்களின் வரிசையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. திருகை ரொம்ப இறுக்கியிருந்தாலும் பிளேடு சுழலாமல் இழுபடும்.

அலுமினியத் தாளை மடித்து வெட்டினால் பிளேடு கூர்மையாகுமாமே?

விளிம்பில் மடங்கிய பிசிறு கொஞ்சம் போகும், அவ்வளவுதான். சாணை பிடித்ததாக ஆகாது.

நான் இடதுகைக்காரன். தனிக் கட்டர் வேண்டுமா?

பிளேடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்கேலை ஒட்டி ஓட வேண்டும். பல கட்டர்களில் பிளேடைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. கத்தரி மட்டும் இடதுகைக்கென்றே செய்ததாக வாங்குங்கள்.

வெட்டும்போது ஸ்கேல் வழுக்குகிறது. விரல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். உள்ளங்கையைப் பரப்பி அழுத்தாதீர்கள். சிலந்தி மாதிரி விரல் நுனிகளை ஊன்றுங்கள், சுண்டுவிரல் மட்டும் கட்டர் ஓடாத பக்கம் ஸ்கேலுக்கு வெளியே துணிமேல் இருக்கட்டும். நீள வெட்டில் பாதி தூரம் வந்ததும் கட்டரை நிறுத்தி, பிளேடைத் தூக்காமல், ஊன்றிய கையை மேலே நகர்த்தி மறுபடி தொடருங்கள். ஸ்கேலுக்கு அடியில் சின்னச் சின்ன உப்புத்தாள் வட்டங்கள் ஒட்டினால் வழுக்காது. உடம்பை நோக்கி ஒருபோதும் வெட்டாதீர்கள். கட்டரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூட வேண்டும், 'இதோ எடுக்கப்போகிறேன்' என்றாலும்.

முக்கோணம் வெட்டத் தனி ஸ்கேல் தேவையா?

கணக்குத் தெரிந்தால் தேவையில்லை. இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம் தைத்த பின் 3 இன்ச் வரவேண்டும் என்றால், 7/8 கூட்டி 3 7/8 இன்ச் சதுரம் வெட்டி மூலைக்கு மூலை அறுக்க வேண்டும். நான் முழுசாக 4 இன்ச் வெட்டுவேன். தைத்த பிறகு, சுற்றிலும் அடுத்த தையலுக்கு விடும் கால் இன்ச்சையும் சேர்த்து, 3 1/2-க்குச் சீவிவிடுவேன். கொஞ்சம் துணி வீண்தான், ஆனால் மூலை அப்பழுக்கில்லாமல் வரும். இப்படிச் சீவ 6 1/2 இன்ச் சதுர ஸ்கேல் இருந்தால் கை சுலபம்.

மேட்மேல் தெரியாமல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டேன். நிமிர்த்த முடியுமா?

பழையபடி ஆகாது. நெளியாத பகுதியைச் சின்ன மேட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்ததை வெயில் படாமல், சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள்.

இதெல்லாம் வாங்கிய பிறகு கத்தரிக்கு வேலை உண்டா?

நிறைய உண்டு. துணிமேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் துண்டுகள், உள்வளைவில் நறுக்குவது, நூல் வெட்டுவது எல்லாம் கத்தரி வேலைதான். முனை கூரான 4 அல்லது 5 இன்ச் கத்தரி ஒன்று மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். பேப்பர் வெட்ட வேறு கத்தரி. இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.