சீல் மாற்றிய பிறகும் ஆயில் கசிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: காரை நிறுத்தும் இடத்தில் தினமும் ஆயில் சொட்டியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கிராங்க் ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று கூறி, கியர்பாக்ஸை இறக்கிச் சீலை மாற்றினார்கள். பெரிய தொகை கொடுத்தேன். பத்தே நாளில் அதே இடத்தில் மீண்டும் சொட்டுகிறது. கேட்டால், “சீல் புதிதுதான், இது வேறு கசிவு” என்று சொல்லி இன்னொரு செலவுக் கணக்கை நீட்டுகிறார்கள். ‘டெலிவரிக்குப் பிறகு பொறுப்பல்ல’ என்று பில்லில் அச்சிட்டிருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? வழக்கு முடியும்வரை காரைப் பழுது பார்க்காமல் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வழக்கு முடியும்வரை காரை அப்படியே வைத்திருக்கத் தேவையில்லை, வைத்திருக்கவும் கூடாது. ஒப்பந்தம் மீறப்பட்டால் நட்டத்தைக் கணக்கிடும்போது, அந்த நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுக்கான விளக்கம் கூறுகிறது. ஆயில் குறைவது தெரிந்தும் ஓட்டி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டால், அந்தச் செலவை ஒர்க்‌ஷாப்பின் தலையில் கட்டுவது கடினம். அதே சமயம், கோபத்தில் நாளைக்கே வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்து மாற்றிவிட்டால், முதல் பழுதுபார்ப்பு தவறு என்பதற்கான சான்றும் அந்தத் துணியோடு போய்விடும். பழுதை விரைவாகச் சரிசெய்யுங்கள். ஆனால் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பதிவு செய்த பிறகே செய்யுங்கள்.

அடுத்து, காரை விடும்போது செய்ய வேண்டிய வேலையை எழுதித் தந்த சீட்டான ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் ‘கிராங்க் சீல் மாற்றவும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா, அல்லது ‘ஆயில் கசிவு – பார்த்துச் சரிசெய்யவும்’ என்று எழுதியிருக்கிறதா? நீங்களே சீலை மாற்றச் சொல்லியிருந்தால், கேட்ட வேலையைச் செய்து கொடுத்தோம் என்று அவர்கள் வாதிடலாம். கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்லியிருந்தாலோ, காரணத்தைக் கண்டறிவதும் அவர்கள் ஏற்றுக்கொண்ட சேவையின் பகுதியாகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, ஏற்றுக்கொண்ட வேலையைச் செய்யும் தரத்திலும் முறையிலும் உள்ள குறையையும், நுகர்வோருக்கு நட்டம் ஏற்படுத்தும் அலட்சியத்தையும், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடாகக் கருதுகிறது. ஜாப் கார்டில் தெளிவில்லை என்றால், காரை விடும்போது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் உதவும்.

இனிக் காருக்கு அடியில் பார்ப்போம், ஏனென்றால் இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இன்ஜினின் உச்சியில் உள்ள மூடியான டேப்பெட் கவருக்கு அடியில் ஆயிலைத் தடுக்கும் பேக்கிங் பின்பக்கம் கசிந்தால், ஆயில் இன்ஜினின் பின்சுவர் வழியாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலேயே சொட்டும். ஆயில் அழுத்தத்தை உணரும் ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும் அப்படியே நடக்கலாம். கீழிருந்து மட்டும் பார்ப்பவர் சீல் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றுவது பெரும்பாலான கார்களில் சிறிய வேலை. சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால்தான் மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுப் பிறகே சீலைத் தொட வேண்டும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வார்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறிப் புதிய சீல் வழியாகவும் ஆயில் வெளியேறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சோதனைக்கு முன்பாக, வேறொரு நல்ல மெக்கானிக்கை வைத்து இந்த நாளில் இந்த நேரத்தில் பார்க்கப் போகிறோம், நீங்களும் வரலாம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் தெரிவியுங்கள். அவர்கள் வராவிட்டாலும், மறைவாகச் செய்தீர்கள் என்று பின்னர் சொல்ல முடியாது. காருக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தைக் குறித்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் தேதி தெரியும்படி படம் எடுங்கள். நிறம் முக்கியம்: பழுப்பும் கருப்புமானது இன்ஜின் ஆயில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, சாதா கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும், கூலண்ட் பச்சை, ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பாக இனிப்பு வாசனையோடு இருக்கும். ஏ.சி. போட்ட பிறகு சொட்டும் தெளிந்த தண்ணீர் கசிவே அல்ல. அதை வைத்து நோட்டீஸ் அனுப்பி அவமானப்பட்டவர்களும் உண்டு. பிறகு இன்ஜினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சிறிது தூரம் ஓட்டி, யூ.வி. விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும் என்பதால், நனைந்த இடங்களில் எது மிக மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். முழுவதையும் வீடியோ எடுங்கள். எடுத்த கைபேசியை அழிக்காமல் வைத்திருங்கள், மின்னணுப் பதிவுக்கு 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

சோதனையின் முடிவு உங்கள் வழக்கின் வலிமையைத் தீர்மானிக்கும். டேப்பெட் கவரிலிருந்து வழிந்து, பழைய சீலில் குறையே இருந்ததற்கான சான்றை அவர்களால் காட்ட முடியாவிட்டால், தேவையற்ற வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். கழற்றிய சீலை உங்களிடம் கொடுத்தார்களா என்பது அப்போது முக்கியமாகும். புதிய சீலே கசிந்தால் பொருத்திய விதத்தில் குறை, அல்லது அடைபட்ட வால்வைக் கவனிக்காத குறை. பழைய சீலும் கசிந்தது, டேப்பெட் கவரும் கசிந்தது என்று தெரிந்தால், உண்மையைச் சொல்கிறேன், முழுப் பணத்தையும் கேட்பது எடுபடாது. இரண்டாவது கசிவைச் சொல்லாமல் விட்டதற்கான இழப்பீட்டை மட்டும் கேளுங்கள்.

பில்லில் அச்சிட்ட வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். குறையுள்ள சேவைக்குப் பெற்ற பணத்தைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கூறுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பதில் இல்லையெனில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். 69ஆம் பிரிவுப்படி 2 ஆண்டுக்குள் அளிக்க வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகார்க் கட்டணம் இல்லை. ஆணைய உறுப்பினர்கள் உங்கள் காருக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை. பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்தே முடிவு செய்வார்கள். எனவே, சோதித்த மெக்கானிக் தான் கண்டதைப் பிரமாணப் பத்திரமாகத் தர முன்வருவாரா என்பதை வேலையைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பழுதுபார்ப்பில் கழற்றும் பேக்கிங்கையும் சீலையும் உறையிலிட்டு, தேதி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருங்கள்.

முதல் ஒர்க்‌ஷாப்பின் இரண்டாவது செலவுக் கணக்குக்கு எழுத்திலோ வாயிலோ ஒப்புதல் தராதீர்கள். செய்த வேலைக்கான கூலி வரும்வரை காரைப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு பழுதுபார்ப்பவருக்குத் தருகிறது. காரை மீண்டும் அவர்களிடம் விட்டு வேலையைத் தொடங்க விட்டால், பணத்தைக் கேட்க வேண்டிய நீங்கள் காரைக் கேட்டு நிற்க வேண்டிவரும்.