மோட்டாரும் பைப்பும் சாளையில் கிடக்கிறது, எடைக்குப் போட்டால் கட்டுமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) அப்பா காலத்து 5 எச்.பி. கிணற்று மோட்டார், போர்வெல்லிலிருந்து கழற்றிய 2 இஞ்ச் ஜி.ஐ. பைப் பத்து, கேபிள், முள்கம்பி, தகரம், டிராக்டர் பேட்டரி எல்லாம் கிடக்கிறது. ஊருக்குள் வரும் வியாபாரி மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். வண்டி வைத்து கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குக் கொண்டுபோனால் கட்டுபடி ஆகுமா?"

இரும்புக்காக என்றால் ஆகாதுங்க. அதற்காக அவர் சொல்லும் மொத்த விலைக்கும் தலையாட்ட வேண்டாம், ஏனென்றால் மொத்தம் என்று பேசும்போதே உள்ளே இருக்கும் காப்பரும் பித்தளையும் இரும்புக் கணக்கில் போய்விடும். இருபது கிலோ இரும்பு போட்டாலும் ஒரு கிலோ காப்பர் காசு வராது.

முதலில் வீட்டிலேயே எடையைக் கணக்குப் போடுங்கள். 2 இஞ்ச் மீடியம் பைப் புதிதாக இருக்கும்போது மீட்டருக்குச் சுமார் 5 கிலோ, அதாவது 20 அடி பைப் ஒன்று 30 கிலோ. பத்துக்கு 300. போருக்குள் கிடந்து அரித்திருந்தால் குறையும். இப்போது உக்கடத்தில் ஊர் விலையை விடக் கிலோவுக்கு 3 ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதிகம் வருவது 900 ரூபாய். அந்தக் காசுக்கு அங்கே போய்வர எந்தச் சின்ன யானை வண்டிக்காரர் வருவார், ஏற்றி இறக்குகிற கூலி வேறு. காங்கேயத்திலேயே இரண்டு கடையில் போன் போட்டு அன்றைய விலை கேட்டால் போதும்.

ஆனால் பைப்பை எடைக்குப் போடுவதற்கு முன்னால் மரை நன்றாக இருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கிறதா பாருங்கள். நல்ல பைப்பை ஷெட் போடுகிறவர்கள் தூணுக்குப் பைப்பாகவே வாங்குவார்கள், அது எடை விலையை விட மேல்.

மோட்டாரைக் காயில் கட்டுகிற, அதாவது உள்ளே கம்பி சுற்றிக் கொடுக்கிற கடையில் காட்டுங்கள். பாடி நன்றாக இருந்தால் அவர்களே எடுத்துக்கொள்வது உண்டு. வேண்டாம் என்றால் உடைக்காமல் முழுசாகப் பழைய மோட்டார் எடை விலைக்கே கொடுத்துவிடலாம், ஒரே ஒரு மோட்டாருக்காக உளி வைத்துக் கம்பியை வெட்டி உருவுவது அரை நாள் வேலை. கொடுக்கும் முன் காயில் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் காப்பர், வெள்ளையாக இருந்தால் அலுமினியம், விலை எக்கச்சக்கமாக இறங்கும். மேலே மட்டும் காப்பர் பூசிய கம்பியும் இருக்கிறது, அதனால் ஒரு துண்டை வெட்டி முனையையும் பாருங்கள். ஃபுட்வால்வு, கேட்வால்வு, பம்ப்பின் உள்சக்கரம் இதிலெல்லாம் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், சுரண்டினால் மஞ்சளாகத் தெரிந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மோட்டார் பாடி பீடு (வார்ப்பிரும்பு) என்பதால் அதற்குத் தனி விலை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேபிளைக் கொளுத்தவே வேண்டாம். புகை விஷம், கருகின காப்பருக்கு விலையும் குறைவு. கத்தியால் கீறித் தோலை உரித்தால் பளபளவென்று வரும், சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான்.

முள்கம்பிக்கும் தகரத்துக்கும் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். இடத்தை அடைக்கிற சரக்கு, சொல்கிற விலைக்கு ஊர் வியாபாரியிடமே தள்ளிவிடுங்கள்.

அப்புறம் தராசு. பிரிக்காத 50 கிலோ மாட்டுத்தீவன மூட்டை ஒன்றை அவர் தராசில் முதலில் ஏற்றச் சொல்லுங்கள், 46 காட்டினால் அன்றைக்கு வியாபாரம் வேண்டாம். மூட்டையைப் பார்த்ததுமே அவர் தராசைச் சரிசெய்ய ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை!

பேட்டரியை மட்டும் இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். புது பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். கனம் குறைய வேண்டுமே என்று ஆசிட்டை வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்கும், மாடு குடிக்கிற தண்ணீர் அது.