அலபாமா கப்பலுக்கு எந்தக் கொடி?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியரின் கப்பலான 'அலபாமா'வின் மாதிரியைச் செய்துவருகிறேன். சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறியும் வெள்ளை நட்சத்திரங்களும் உள்ள நீள்சதுரக் கொடியைக் கடையில் வாங்கினேன். அதைக் கப்பலின் பின்முனையில் பறக்கவிடலாமா? கெட்டிஸ்பர்க் போர்க்களக் காட்சியிலும் அதையே பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டு இடத்திலும் வேண்டாம். அது போலிக் கொடி அன்று. ஆனால் நீங்கள் வைக்க நினைக்கும் இடங்களுக்கு உரியதும் அன்று. முதலில் எந்த நாளைக் காட்டப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். கொடி தானே முடிவாகிவிடும்.

தெற்கு மாநிலக் கூட்டமைப்பு நான்கே ஆண்டுகளில் மூன்று தேசியக் கொடிகளை மாற்றியது. 1861 மார்ச் 4 அன்று ஏற்ற முதற்கொடியில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று அகலப் பட்டைகளும், மேல் மூலையின் நீலக் கட்டத்தில் வட்டமாக நட்சத்திரங்களும் இருந்தன. அது வடக்கின் கொடியை மிகவும் ஒத்திருந்ததால், அதே ஆண்டு ஜூலை 21இல் மனாசஸ் களத்தில் எழுந்த புழுதிக்கும் புகைக்கும் இடையே வருவது நம் படையா எதிரிப் படையா என்று தெரியாமல் தளபதிகள் தவித்தனர். அந்தத் தவிப்பில் பிறந்ததே நீலப் பெருக்கல் குறியிட்ட போர்க்கொடி. வர்ஜீனியாவில் போரிட்ட படை அதைச் சதுரமாகவே ஏந்தியது.

1863 மே 1 அன்று வந்த இரண்டாம் தேசியக் கொடி, அந்தச் சதுரத்தை மேல் மூலையில் கொண்ட வெள்ளைக் கொடி. காற்றில்லாமல் தொங்கும்போது சமாதானக் கொடிபோலத் தெரிகிறது என்ற குறை எழவே, 1865 மார்ச் 4இல் அதன் ஓரத்தில் சிவப்புப் பட்டை சேர்த்தார்கள்.

இனி உங்கள் கப்பல். அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே 1862 ஆகஸ்ட் 24 அன்று அலபாமா பணியேற்ற காட்சி என்றால், பின்முனையில் மூன்று பட்டைக் கொடி வேண்டும். 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே வடக்கின் போர்க்கப்பலான 'கியர்சார்ஜ்' அதை மூழ்கடித்த காட்சி என்றால், இரண்டாம் தேசியக் கொடியான அந்த வெள்ளைக் கொடி. கடற்படை அதை 2 பங்கு அகலம், 3 பங்கு நீளம் என்ற அளவில் தைத்தது. மூலைச் சதுரத்தின் பக்கம் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வணிகக் கப்பலைத் துரத்தும் காட்சியானால் பிரிட்டிஷ் கொடிகூடப் பொருந்தும். வேற்றுக் கொடியோடு நெருங்கி, கடைசி நேரத்தில் தன் கொடியை ஏற்றுவது அலபாமாவின் வழக்கம்.

நீங்கள் வாங்கிய நீள்சதுரக் கொடி, 1863 முதல் தெற்கின் கடற்படைக் கப்பல்களின் முன்முனையில் பறந்தது. ஆகவே, அதன்பிந்தைய ஒரு நாளில் கப்பல் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்பதாகக் காட்டினால் அதை அங்கே வைக்கலாம். 1864இல் தெற்கின் தரைப்படைகளில் ஒன்றான டென்னசி படையும் இதே வடிவத்தை ஏந்தியது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த மாநிலங்களின் சின்னம் இது. இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை எதிர்த்தவர்களும் இதைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். எனவே, காட்சிக்கு வைக்கும்போது எந்தப் படை, எந்த ஆண்டு என்று பக்கத்தில் அட்டையில் எழுதிவையுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கெட்டிஸ்பர்க்கில் தெற்கின் காலாட்படைக்கு 48 அங்குலச் சதுரக் கொடி, பீரங்கிப் படைக்கு 36 அங்குலம். 72இல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைகளுக்கு இவை முறையே 17, 13 மில்லிமீட்டர் வரும். வடக்கின் கொடியில்தான் பலர் தவறுகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவுக்கான 35ஆவது நட்சத்திரம் 1863 ஜூலை 4 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கெட்டிஸ்பர்க் சண்டையோ ஜூலை 3ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆகவே 34 நட்சத்திரங்களே சரி. பிரிந்துபோன மாநிலங்களின் நட்சத்திரங்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். பிரிவினையை ஏற்காத லிங்கன் அரசு அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை.