மாடு மேயும் கோபுரத்துக்குப் பாதுகாப்பா?

கேள்வி: மகளைப் பார்க்க அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போயிருந்தேன். வயல் நடுவே கூரையில்லாத உயரமான கல் கோபுரம், சுற்றிலும் மாடுகள். பாதுகாக்கப்பட்ட சின்னமாம்! காவலாளியும் இல்லை, வேலியும் இல்லை. நாலு மூட்டை சிமெண்ட் வாங்கிப் பூசக்கூடாதா?
— வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, சிமெண்டை மட்டும் சொல்லாதீர்கள்!

நீங்கள் பார்த்தது கோபுர வீடு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அங்குள்ள நிலக்கிழார்கள் பாதுகாப்புக்காக அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிக்கொண்டது. நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி மாதிரிதான். ஆனால் ஒரே குடும்பம், மின்தூக்கி கிடையாது. 1429இல் டப்ளினை ஒட்டிய நான்கு வட்டாரங்களில் இப்படிக் கட்டுவோருக்கு 10 பவுண்டு மானியமே அறிவித்தார்கள். 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரம் என்று அளவும் சொல்லிவிட்டார்கள். பல கோபுரங்களில் வாசலுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே ஓர் ஓட்டை இருக்கும். கதவை உடைத்து வருகிறவன் தலையில் கல்லைப் போடுவதற்கு.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். காவலாளி இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த விதிப்படி, பதிவேட்டில் உள்ள சின்னத்தில் கைவைக்க நினைப்பவர், சொந்த நிலமே ஆனாலும், இரண்டு மாதம் முன்னதாக அரசுக்கு எழுதித் தரவேண்டும். கூரை போட்டு மீட்டதும் உண்டு. 1950களில் அயர்லாந்தின் பன்ராட்டிக் கோட்டையை அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

சிமெண்ட் விஷயம் எனக்குச் சூடுபட்ட விஷயம். தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டில் மேற்பார்வை பார்த்தபோது, எனக்கு முன் வேலை செய்தவர்கள் செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசி, பளபளவென்று சாயமும் அடித்திருந்தார்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், சுவர் முழுக்கக் கொப்பளம். மூன்று வாரம் கொத்தி எடுத்தோம், தூசியில் இருமிக்கொண்டே. அப்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். பழைய சுவருக்கு அதுதான் ஒத்துப்போகும். ஈரத்தை வெளியே விடும். கல் கோபுரமும் சுண்ணாம்பில் கட்டியதுதான்.

அடுத்த முறை போனால், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உள்ளே தளத்தின் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்று நாம் சென்ட்ரிங்குக்கு, அதாவது தளம் இறுகும்வரை தாங்கிப் பிடிக்க, பலகை வைக்கிறோம். கோபுரம் கட்டியவர்கள் குச்சிகளைப் பாய்போலப் பின்னி வைத்து அதன்மேல், தளத்தைத் தாங்கும் கல் வளைவைக் கட்டினார்கள். அதிர்ஷ்டம் இருந்தால், அந்தப் பின்னலின் அச்சு சாந்தில் இன்னும் தெரியும்.