டிசம்பரில் லாயாரான் மீனா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி (கிள்ளான் வாசகர்): டிசம்பர் இரண்டாம் வாரம் மச்சான், நான், இரண்டு நண்பர்கள் என நான்கு பேர் கோலா ரொம்பினுக்குத் தூண்டில் போடப் போகலாம் என்று இருக்கிறோம். முகநூலில் ஒருவர், "லாயாரான் (பாய்மர மீன், sailfish) கட்டாயம் கிடைக்கும், ஆண்டு இறுதிச் சலுகை, இந்த வாரமே முழுப் பணமும் கட்டினால் 30 விழுக்காடு கழிவு" என்று விளம்பரம் போட்டிருக்கிறார். நம்பிக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கழிவு எவ்வளவு என்பதை விட, அந்த மாதத்தில் படகு கடலுக்குப் போகுமா என்பதுதான் முதல் கேள்வி. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, ரொம்பின் இருக்கும் பகாங் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். தியோமான் தீவின் பல தங்குவிடுதிகளே அந்த மாதங்களில் கதவடைத்துவிடுகின்றன. அந்த அலையில் சின்னப் படகை ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி ஓட்டிப் போவது உயிரோடு விளையாடுவது. நல்ல தெகோங் (படகோட்டி) யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

லாயாரானுக்கு ரொம்பினில் மார்ச் முதல் அக்டோபர் வரை போகலாம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். தென்சீனக் கடல் அந்தப் பக்கம் அதிக ஆழமில்லாதது. நெத்திலியும் மற்ற சிறு மீன்களும் கூட்டம் கூட்டமாகத் திரளும்போது அவற்றைத் துரத்திக்கொண்டு லாயாரான் மேல்மட்டத்துக்கு வருகிறது. இரையைச் சுற்றி வளைத்து முதுகுத் துடுப்பைப் படகுப் பாய் மாதிரி விரிக்கும் காட்சியைப் பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் ரொம்பினுக்கு வருகிறார்கள். இரை வராவிட்டால் இதுவும் வராது. ஆகவே "கட்டாயம் கிடைக்கும்" என்று எந்த மாதத்திலும் யாரும் சொல்ல முடியாது. அப்படி விளம்பரம் செய்வது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்யும் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் கூற்றாகக் கருதப்படலாம். அந்த விளம்பரத்தை இப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அழித்துவிடுவார்கள்.

உங்களுக்கு டிசம்பர்தான் வசதி என்றால் மேற்குக் கரையைப் பாருங்கள். வடகிழக்குக் காற்றைத் தீபகற்பமே மறைப்பதால் மலாக்கா நீரிணை அப்போது ஓரளவு அடங்கியிருக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே படகு ஏறலாம். தெங்கிரி, பாறை, ஈக்கான் மேரா என்று சாப்பாட்டு மீன்களை எதிர்பார்க்கலாம், லாயாரானை எதிர்பார்க்காதீர்கள். லாயாரான்தான் வேண்டும் என்றால் பயணத்தை அடுத்த ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள். உச்ச மாதங்களில் வார இறுதிக்கு நல்ல படகுகளை முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள் என்பதால் சீக்கிரம் பேசிவைப்பது நல்லது.

அப்படிப் பேசும்போது "முழு நாள்" என்றால் என்ன என்று கேளுங்கள். மீன் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பவே கணிசமான நேரம் ஆகும். அதற்கு முன் அப்போலோ தூண்டிலில் (பல சிறு முட்கள் கட்டிய தூண்டில்) செலார், கெம்போங் போன்ற சிறு மீன்களை உயிரோடு பிடித்துத் தொட்டியில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அதுதான் லாயாரானுக்கு இரை. அந்த நேரமும் நீங்கள் பணம் கொடுத்த நேரம்தான். எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குக் கரை சேருவீர்கள், தண்டும் ரீலும் யாருடையது, உடைந்தால் யார் கட்ட வேண்டும், விலை படகுக்கா ஆளுக்கா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படகின் உரிமத்தில் எத்தனை பேருக்கு அனுமதி என்றும், ஆளுக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் கோபப்படும் ஆளிடம் ஏறவே வேண்டாம்.

தியோமான் கரையோரத்திலேயே தூண்டில் போட வைக்கிறேன் என்று யாராவது ஆசை காட்டினாலும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். தீவைச் சுற்றி 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர், கடல் பூங்கா. அங்கே மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

கேள்வி (சிரம்பான் வாசகி): கணவர் செப்டம்பரில் ஒரு படகுக்கு முன்பணம் கட்டினார். அன்று காலை கடல் கொந்தளிப்பு என்று பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், "முன்பணம் திருப்பித் தரப்படாது, வேறு தேதிக்கு வாருங்கள்" என்கிறார்கள். அவருக்கோ இனி விடுமுறை இல்லை.

பதில்: வானிலையைப் பார்த்து ரத்து செய்தது சரியான முடிவு, அதைக் குறை சொல்ல முடியாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை அன்று பலத்த காற்று, கொந்தளிப்புக்கு எச்சரிக்கை விட்டிருந்ததா என்று பாருங்கள். ஆனால் பணம் வேறு விஷயம். உங்கள் கணவர் பின்வாங்கவில்லை, படகுதான் போகவில்லை. கொடுக்காத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்ளும் நிபந்தனை நியாயமானதா என்று கேள்வி எழுப்ப இடமுண்டு. 2010இல் செய்த திருத்தத்தில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கென்றே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பகுதி சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் ரசீதையும் உரையாடலையும் இணைத்து, ஒரு தேதி குறிப்பிட்டு, மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பை எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகிவிடும். முன்பணம் சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள், அம்மா. இப்படி விட்டுக்கொடுப்பவர்கள் இருப்பதால்தான் அந்த நிபந்தனை இன்னும் ரசீதில் அச்சாகிறது.

கேள்வி (ஜோகூர் பாரு வாசகர்): பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: லாயாரானை விட்டுவிடுவதுதான் ரொம்பினில் வழக்கம், அதையே செய்யுங்கள். படகின் ஓரத்தில் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுங்கள். உள்ளே தூக்கிப் போட்டால் களைத்த மீன் பிழைப்பது கஷ்டம். வாயின் ஓரத்தில் மாட்டும் சர்கிள் ஹூக் (வளைந்த தூண்டில் முள்) பயன்படுத்துகிற தெகோங்காகத் தேடுங்கள். தொண்டையில் குத்தும் சாதாரண முள்ளை விட அது மீனுக்கு நல்லது.

தெங்கிரி, கடல் விரால், தாலாங் கிடைத்தால் சமைக்கக் கொண்டுவரலாம். அவற்றில் தெகோங்குக்குப் பங்கு உண்டா, ஐஸ் பெட்டி படகில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.