கடலுக்குள் நாம் போடும் சத்தம்: கேட்டவையும் பதில்களும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கிண்டலாகக் கேட்டவற்றுக்கும் பதில் உண்டு.

கப்பல் சத்தம் 190 டெசிபெல் என்று படித்தேன். ஜெட் விமானமே 140 தானே? நம்ப முடியவில்லை.

நம்பாமல் இருந்தது நல்லதுதான். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். காற்றில் 20 மைக்ரோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்பதையும் நீரில் 1 மைக்ரோபாஸ்கலையும் அடிப்படையாக வைத்து அளக்கிறோம். அதிலேயே 26 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். நீரின் அடர்த்தியும் அதில் ஒலி போகும் வேகமும் அதிகம் என்பதால் இன்னும் ஒரு 36. ஆக, நீரில் சொல்லும் எண்ணிலிருந்து சுமார் 62-ஐக் கழித்த பிறகுதான் காற்றோடு ஒப்பிட முடியும். அதுவும் கப்பலுக்குச் சொல்லும் எண், 1 மீட்டர் தள்ளி நின்று கேட்டால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்தது. தூரத்தைச் சொல்லாமல் டெசிபெல்லை மட்டும் சொல்லும் செய்தியைக் கண்டால் நான் மேலே படிப்பதில்லை.

திமிங்கிலம் கரை ஒதுங்கினாலே சோனார்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

சோனார் என்பது ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி. எல்லாவற்றுக்கும் அது காரணம் அல்ல. நோய், வலை, கப்பல் மோதல் என்று காரணங்கள் பல. ஆனால் பறவை அலகு போல் நீண்ட வாயுள்ள அலகுத் திமிங்கிலங்கள் விஷயத்தில் சான்று வலுவானது. 2000 மார்ச்சில் பஹாமாஸில் சோனாரோடு கடற்படைப் பயிற்சி நடந்தபோது, ஒன்றரை நாளுக்குள் 17 விலங்குகள் ஒதுங்கின. பெரும்பாலானவை இந்த வகைதான். 2002-இல் கேனரித் தீவுகளில் 14 ஒதுங்கின. அவற்றின் திசுக்களில் வாயுக் குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறும் முக்குளிப்பவர்களுக்கு வருவது போன்ற கோளாறு. 2004-இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை போட்டது. அதன்பின் அங்கே இப்படிக் கூட்டமாக ஒதுங்குவது நின்றுபோனது.

கப்பல் மெதுவாகப் போனால் அதிக நேரம் சத்தம் போட்டுக்கொண்டே போகுமே, லாபம் என்ன?

நல்ல கேள்வி. வேகம் பாதியானால் கடக்கும் நேரம் இரு மடங்கு. ஒலிக் கணக்கில் அது வெறும் 3 டெசிபெல் கூடுதல். ஆனால் எழும் சத்தம் அதைவிடப் பல மடங்கு குறைகிறது. காரணம் ப்ரொப்பெல்லர். இலை வேகமாகச் சுற்றும்போது அதன் மேற்பரப்பில் அழுத்தம் இறங்கி, நீர் அங்கேயே ஆவியாகிக் குமிழிகள் உண்டாகும். அவை பொரிந்து உடைவதுதான் பெரிய கப்பலின் முக்கியமான சத்தம். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017-இல் ஹாரோ நீரிணையில் கப்பல்களை 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்) வேகத்தில் போகச் சொல்லிப் பார்த்தது. கட்டாயமில்லை, விருப்பம்தான். கன்டெய்னர் கப்பல்களின் சத்தம் 10 டெசிபெல்லுக்கு மேல் இறங்கியது. அங்கே வாழும் ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கிலங்கள்) சால்மன் மீனை எதிரொலியை வைத்துத்தான் தேடுகின்றன. அவற்றுக்கு இது பெரிய விஷயம்.

நான் கப்பல் எஞ்சினியர். எங்கள் கப்பலில் இலைக்கோணம் மாற்றும் ப்ரொப்பெல்லர். எங்களுக்கும் இது பொருந்துமா?

உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சுழற்சியைக் குறைக்காமல் இலைக்கோணத்தை மட்டும் குறைத்து மெதுவாகப் போனால் சத்தம் கூடவும் செய்யலாம். இரண்டையும் சேர்த்தே குறையுங்கள். அப்புறம், ப்ரொப்பெல்லரையும் கப்பலின் அடிப்பாகத்தையும் சுத்தமாக வைத்திருங்கள், எரிபொருளும் மிச்சமாகும். சர்வதேச கடல்சார் அமைப்பு கப்பல் சத்தத்தைக் குறைக்க 2014-இல் வழிகாட்டி வெளியிட்டு 2023-இல் திருத்தியது. அதுவும் கட்டாயமில்லை. என் கருத்தில் அதுதான் அதன் பெரிய ஓட்டை.

கடலில் காற்றாலைத் தூண் அடிக்கும் திட்டத்தில் கடல் விலங்குகளைக் கண்காணிப்பவராகச் சேர்கிறேன். அரை மணி நேரம் பார்த்து, விலங்கு இல்லையென்றால் அடிக்கலாமாம். அது போதுமா?

தேவைதான், ஆனால் போதாது. பிரிட்டனின் வழிகாட்டி சுற்றிலும் 500 மீட்டர் தூரத்தை 30 நிமிடம் கண்காணிக்கச் சொல்கிறது. பிறகு அடியை மெதுவாகத் தொடங்கி, குறைந்தது 20 நிமிடம் எடுத்து முழு பலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பகுதிக் கடல்களில் உள்ள, டால்ஃபின் போன்ற சிறிய விலங்கான போர்பாய்ஸோ ஒரு நொடி முதுகைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். மூடுபனியில் அதுவும் தெரியாது. தூண் அடிக்கும் சத்தத்துக்கு இந்த விலங்கு 20 கிலோமீட்டர் தள்ளியும் விலகிப் போயிருக்கிறது. அதன்முன் உங்கள் 500 மீட்டர் எம்மாத்திரம்?

ஜெர்மனியின் வழி எனக்குப் பிடிக்கும். 750 மீட்டர் தள்ளி ஒரு அடியின் ஒலிச்சக்தி 160 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. எப்படி என்பது உங்கள் பாடு. எண்ணில் எல்லை வைத்ததும் குமிழித் திரை வேகமாக வளர்ந்தது. தூணைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாயைப் போட்டு, காற்றை அழுத்தி விடுவார்கள். எழும் குமிழிகள் ஒலியைச் சிதறடித்து உறிஞ்சிக்கொள்ளும். பலவீனமும் உண்டு. நீரோட்டம் குமிழிகளை இழுத்துப் போகும். ஒலியில் ஒரு பங்கு தரைக்குள் போய், திரைக்கு அப்பால் மேலே வரும்.

மீனுக்கும் இறாலுக்கும் காதா இருக்கிறது?

வெளியே தெரியாது, அவ்வளவுதான். மீன் தன் காதுக் கற்களால் நீர்த்துகள்களின் அசைவை உணர்கிறது. காற்றுப்பை உள்ளவற்றில் சிலவற்றுக்குக் கூர்மை இன்னும் அதிகம். ஆனால் விதிகள் பெரும்பாலும் பாலூட்டிகளை மனத்தில் வைத்து, அழுத்தத்தை மட்டுமே அளக்கின்றன. எண்ணெய் தேட, அழுத்திய காற்றை வெடிப்பாக விடும் ஏர் கன் பற்றி முரணான முடிவுகள் உள்ளன. 2017-இல் வெளியான டாஸ்மேனியச் சோதனையில் 1.2 கிலோமீட்டர் வரை மிதவை உயிரிகள் பாதிக்கப்பட்டன. நார்வேயில் ஒரே ஒரு வகை மிதவை உயிரியை எடுத்துச் சோதித்தபோது 10 மீட்டருக்குள்தான் சாவு கூடியது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

சத்தம் நின்றால் எல்லாம் சரியாகிவிடுமா?

கொஞ்சம் ஆகும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்தன. சத்தம் 6 டெசிபெல் இறங்கியது. அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் மனஅழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. ஆனால் பாலூட்டிகளின் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல் செத்துப்போனால் மறுபடி முளைக்காது.

நானே கேட்டுப் பார்க்க ஹைட்ரோஃபோன் (நீருக்கடி மைக்) வாங்கலாமா?

தாராளமாக. கேபிளைத் தொய்வாக விடுங்கள், இல்லாவிட்டால் படகின் அசைவுதான் பதிவாகும். எஞ்சினை அணைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலென்றால் எண்ணெயில் கடுகு பொரிவது போல் ஓயாமல் ஒரு சடசடப்பு கேட்கும். கருவி பழுதில்லை, அது கொடுக்கைச் சொடுக்கும் இறால்.